இரண்டு கேனிஸ்டர் ஃபில்டர்கள்: ஒன்றன்பின் ஒன்றாகவா, தனித்தனியாகவா?

வியாசர்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் கொண்ட தொட்டியில் மூன்று ஆஸ்கர் மீன்களை வளர்க்கிறார். அட்டைப்பெட்டியில் மணிக்கு 1000 லிட்டர் என்று அச்சிட்டிருந்த கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்குக் கீழே வைத்துக் குழாய்களால் இணைக்கும், மோட்டார் பொருத்திய மூடிய வாளி) அந்தத் தொட்டிக்குப் போதவில்லை என்று தோன்றவே, சென்ற மாதம் வண்ணமீன் கடைகள் உள்ள கொளத்தூருக்குப் போய் அதே மாடலில் இன்னொன்றையும் வாங்கி வந்துவிட்டார். வாங்கிய பிறகுதான் கேள்வி பிறந்தது. “ஒண்ணோட வாயில இன்னொண்ண மாட்டி வுட்டா தண்ணி ரெண்டு தபா சுத்தமாவும்ல தம்பி? ஜாயின்ட்ட பித்தளையில நானே கடைஞ்சிக்கிறேன்” என்றார்.

பித்தளை வேண்டாம் என்பதை மட்டும் உடனே சொல்லிவிட்டேன். பித்தளையில் செம்பு இருக்கிறது. தண்ணீரில் கரையும் செம்பு, சிறிய அளவிலேயே இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும், மீனுக்கும் நல்லதன்று. மற்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு ஃபில்டர்களைத் தொட்டிக்குப் பூட்டுவதற்குக் குறைந்தது மூன்று வழிகள் உண்டு. இரண்டையும் விட்டுவிட்டுப் பெரிதாக ஒன்றை வாங்குவது நான்காவது வழி. இந்த நான்கில் மூன்றை என் வீட்டுத் தொட்டியிலேயே வெவ்வேறு காலங்களில் செய்து பார்த்திருக்கிறேன் என்பதால், அவருக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் தொட்டியின் கணக்கு. 4×2×2 என்றால் 16 கன அடி, அதாவது சுமார் 453 லிட்டர். மேலே விடும் இடைவெளியும் அடியில் போடும் கல்லும் போக 400 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒரு மணி நேரத்தில் தொட்டியின் கொள்ளளவைப்போல் நான்கைந்து மடங்கு நீர் ஃபில்டர் வழியாகச் சென்று வரவேண்டும் என்பது வழக்கிலுள்ள பொதுக்கணக்கு. ஆஸ்கர், கோல்டுஃபிஷ் போல அதிகம் தின்று அதிகம் கழிக்கும் மீன்களுக்கு அதையும் தாண்டலாம். அண்ணனின் தொட்டிக்குக் குறைந்தது 1600 லிட்டர் தேவை. கையிலிருப்பதோ அட்டைப்பெட்டிக் கணக்கில் 1000.

ஓட்டம் கூடுகிறதா

பள்ளி அறிவியல் புத்தகத்தில் மின்கலங்களைத் தொடரிணைப்பிலும் பக்க இணைப்பிலும் வைத்து வரைந்திருந்த படங்கள் நினைவிருக்கலாம். தொடரிணைப்பில் மின்னழுத்தம் கூடும், எல்லாவற்றின் வழியாகவும் ஓடும் மின்னோட்டம் ஒன்றே. தண்ணீரும் ஏறத்தாழ அப்படித்தான் நடந்துகொள்கிறது. முதல் ஃபில்டரின் வெளிக்குழாயை இரண்டாவதன் உள்குழாயில் செருகினால், இரண்டு மோட்டார்களின் தள்ளுவிசை ஒன்றுசேரும். ஆனால் தண்ணீர் போவதற்கு இருப்பது ஒரே பாதை. அந்தப் பாதையில் அழுக்கைப் பிடிக்கும் ஸ்பாஞ்சும் பாக்டீரியா குடியிருக்கும் செராமிக் வளையமும் (இவற்றைச் சேர்த்து மீடியா என்பார்கள்) இருமடங்காகிவிட்டதால், கூடிய தள்ளுவிசையில் பெரும்பகுதி அந்தத் தடையைக் கடப்பதிலேயே செலவாகிவிடுகிறது.

தொட்டி உயரத்தில் இருப்பதால்தான் மோட்டார் திணறுகிறது என்று சிலர் நினைப்பதுண்டு. காற்றில்லாமல் நீர் நிறைந்து நிற்கும் கேனிஸ்டரில், தொட்டியிலிருந்து இறங்கும் நீரின் எடையும் திரும்ப ஏறும் நீரின் எடையும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. மோட்டார் போராடுவது குழாயின் உராய்வோடும் மீடியாவின் அடர்த்தியோடும் மட்டுமே. அழுக்கேறிய ஸ்பாஞ்சு ஓட்டத்தை அவ்வளவு கடுமையாகக் குறைப்பதற்குக் காரணம் இதுதான். அட்டைப்பெட்டியில் எழுதிய எண் மீடியா எதையும் வைக்காமல் அளந்த எண்ணாகவே பெரும்பாலும் இருக்கும்.

அளந்து பார்ப்பது எளிது. பத்து லிட்டர் வாளியும் கைப்பேசியில் உள்ள நிறுத்துக் கடிகாரமும் போதும். வாளியைத் தரையில் வைத்து அளக்கக் கூடாது. அப்படி வைத்தால் சைஃபன் விசையும் சேர்ந்துகொண்டு பொய்க்கணக்கு காட்டும். ஸ்டூலைப் போட்டு வாளியின் வாய் தொட்டியின் நீர்மட்டத்துக்கு வரும்படி வைத்து, வெளிக்குழாயை அதில் விட வேண்டும். என்னிடமுள்ள இரண்டு ஃபில்டர்களும் 18 வாட், மணிக்கு 1000 லிட்டர் என்று எழுதப்பட்டவை. மீடியா நிரப்பி, இரண்டு வாரம் ஓடிய நிலையில், ஒன்று மட்டும் தனியாக வாளியை நிரப்ப 62 விநாடி எடுத்துக்கொண்டது; மணிக்கு 580 லிட்டர். இரண்டையும் தொடரிணைப்பில் மாட்டியபோது 56 விநாடி. மணிக்குச் சுமார் 640 லிட்டர். இரண்டையும் தனித்தனிக் குழாயோடு ஓட்டினால் இரண்டும் சேர்ந்து மணிக்கு 1160 லிட்டர். இரண்டாவது மோட்டாரையும் மாதம் 13 யூனிட் மின்சாரத்தையும் கொடுத்துத் தொடரிணைப்பில் நான் பெற்ற கூடுதல் ஓட்டம், மணிக்கு ஆறு வாளி.

“ஓட்டம் குறைந்தால் என்ன, ஒரே சுற்றில் இரண்டு முறை வடிகட்டப்படுகிறதே” என்பது நியாயமாகத் தோன்றும் வாதம். ஆனால் தொட்டியிலுள்ள நீர் வரிசையில் நின்று ஃபில்டருக்குள் போவதில்லை; வடிகட்டிய நீர் வடிகட்டாத நீரோடு கலந்துகொண்டே இருக்கிறது. அதனால் 400 லிட்டர் தொட்டியிலிருந்து 400 லிட்டர் நீர் ஃபில்டருக்குள் போய் வந்த பிறகும், கலவைக் கணக்குப்படி தொட்டியிலுள்ள நீரில் 63 விழுக்காடுதான் ஒருமுறையாவது ஃபில்டரைப் பார்த்திருக்கும். 95 விழுக்காட்டை எட்ட மூன்று மடங்கு, அதாவது 1200 லிட்டர் ஓட வேண்டும். என் அளவீட்டில் தொடரிணைப்புக்கு அது ஒரு மணி 52 நிமிடம். தனித்தனியாக ஓடும் இரண்டுக்கும் ஒரு மணி 2 நிமிடம். ஒரே நடையில் இரண்டு முறை துவைப்பதைவிட, அடுத்தடுத்து அதிக நடை போய்வருவதே தொட்டிக்கு அதிகப் பயன் தருகிறது. கரடுமுரடான ஸ்பாஞ்சுக்குப் பின் மெல்லிய ஸ்பாஞ்சு, அதன்பின் பஞ்சு என்ற அடுக்கை ஒரே கேனிஸ்டரின் தட்டுகளுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். அதற்காக இன்னொரு மோட்டார் தேவைப்படாது.

பாக்டீரியாவைப் பற்றிய பேச்சு

இரண்டு ஃபில்டர் இருந்தால் நன்மை செய்யும் பாக்டீரியா இருமடங்காகும் என்று கடைகளில் சொல்வார்கள். மீனின் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்ற, அதை மற்றொரு வகை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இவை எத்தனை இருக்கும் என்பதை முடிவு செய்வது அவற்றுக்குக் கிடைக்கும் அம்மோனியாவின் அளவு. இடம் போதுமான அளவு இருக்கும்போது இன்னொரு ஃபில்டர் வாளியைச் சேர்த்தால், அதே எண்ணிக்கைப் பாக்டீரியா இரண்டு வாளிகளில் பிரிந்து குடியேறும், அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறாக, தொடரிணைப்பில் இரண்டாவது வாளிக்கு ஆக்சிஜனே கிடைக்காது என்று அச்சுறுத்துபவர்களும் உண்டு. அதுவும் மிகைதான் என்பது கணக்குப் போட்டால் தெரியும். மூன்று ஆஸ்கர்களுக்கு நாளொன்றுக்கு 20 கிராம் தீவனம் போடுவதாகவும், அதில் 40 விழுக்காடு புரதம் என்றும் வைத்துக்கொண்டால், ஏறத்தாழ முக்கால் கிராம் நைட்ரஜன் அம்மோனியாவாக வெளிவரும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட் ஆக்கச் சுமார் 4.57 கிராம் ஆக்சிஜன் செலவாகிறது. எனவே நாளுக்கு மூன்றரை கிராமுக்குச் சற்றுக் குறைவாக, மணிக்கு 140 மில்லிகிராம் அளவில் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். நம்மூர்க் கோடையில் தொட்டி நீர் 31 டிகிரியைத் தொடும்போது லிட்டருக்கு ஏழு மில்லிகிராமுக்குச் சற்று மேலேதான் ஆக்சிஜன் கரைந்து நிற்கும் என்றாலும், மணிக்கு 600 லிட்டர் ஓடுகையில் நான்காயிரம் மில்லிகிராமுக்கு மேல் உள்ளே போகிறது. முதல் வாளியில் சேரும் அழுக்கு மட்கும்போது இழுத்துக்கொள்வதையும் சேர்த்துக் கழித்தாலும், இரண்டாவது வாளிக்கு வேண்டியது மிஞ்சும். ஓட்டம் இருக்கும்வரை இது சிக்கலே இல்லை. ஓட்டம் நின்றால் என்ன ஆகிறது என்பதற்குப் பிறகு வருகிறேன், ஏனெனில் வடசென்னையில் இருப்பவர் அதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

இன்னொரு மயக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. 2019 கோடையில் புழல் ஏரி வறண்டு, குழாயில் வரும் தண்ணீர் குடிப்பதற்கே எண்ணி எண்ணிச் செலவாகிக்கொண்டிருந்தபோது, மீன் தொட்டிக்கு வாரந்தோறும் நூறு லிட்டர் மாற்றுவது பாவமாகப்பட்டது. அப்போதுதான் என் இரண்டு ஃபில்டர்களையும் நான் முதன்முதலாகத் தொடரிணைப்பில் மாட்டினேன். வடிகட்டும் வேலையைக் கூட்டினால் தண்ணீர் மாற்றும் வேலை குறையும் என்பது என் எண்ணம். பத்தே நாளில் தொட்டிக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்குத் தெளிந்துவிட்டது. ஆனால் சோதனைக் குழாயில் நைட்ரேட் சோதனைச் சொட்டுகளை விட்டுக் குலுக்கியபோது, மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் வாரத்துக்கு வாரம் ஆரஞ்சாகி, பிறகு நல்ல சிவப்பாயிற்று; நைட்ரேட் ஏறிக்கொண்டே போகிறது என்பதன் அடையாளம் அது. கேனிஸ்டரை எத்தனை வரிசையில் எப்படி மாட்டினாலும் நைட்ரேட்டை வெளியேற்றுவது தண்ணீர் மாற்றமே. தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரன்று என்பதை அந்தச் சிவப்பு நிறத்தைப் பார்த்தபிறகே நான் ஒப்புக்கொண்டேன்.

ஆகவே இரண்டாவது ஃபில்டர் எதற்கு என்றால், அழுக்கைப் பிடிக்கும் இடத்தைக் கூட்டுவதற்கும், தொட்டிக்குள் நீரோட்டத்தைக் கூட்டுவதற்கும், ஒன்று நின்றால் இன்னொன்று ஓடுவதற்கும்தான். இந்த மூன்றில் தொடரிணைப்பு தருவது முதலாவதை மட்டும்.

மூடியும் குழாயும்

தொடரிணைப்பை நான் எட்டு மாதத்தில் கைவிட்டதற்குக் காரணம் ஓட்டமோ பாக்டீரியாவோ இல்லை, ஓ-ரிங். கேனிஸ்டரின் மூடிக்கும் வாளிக்கும் இடையே இருக்கும் அந்த ரப்பர் வளையம், தொட்டிக்கும் வாளிக்கும் இடையிலான நாலைந்து அடி நீரின் அழுத்தத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டது. இரண்டாவது வாளியில் ஸ்பாஞ்சு அடைத்துக்கொண்டாலோ, அதன் வெளிக்குழாய்த் திருகை யாராவது மூடிவிட்டாலோ, முதல் மோட்டாரின் தள்ளுவிசை முழுவதும் அந்த அழுத்தத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. புதிய ஓ-ரிங் தாங்கலாம். இரண்டு கோடை கண்டு இறுகிப்போன ஓ-ரிங் தாங்காது. என் வீட்டில் அது உடைந்து பீறிடவில்லை. மூடியின் ஓரத்தில் வியர்வைபோல ஒரு துளி தோன்றும், துடைத்தால் போய்விடும், மறுநாள் காலையில் ஸ்டாண்டின் பிளைவுட் அடித்தட்டு ஈரமாக இருக்கும். இப்படியே மூன்று வாரம் போனபின், பிளைவுட் ஊதி ஸ்டாண்டின் கதவு மூடாமல் போனபோதுதான் எவ்வளவு நீர் கசிந்திருக்கிறது என்று புரிந்தது.

இதன் மறுபக்கமும் உண்டு. மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது முதல் மோட்டார் கிளம்பாமல் இரண்டாவது மட்டும் கிளம்பினால், பின்னால் இருப்பது முன்னால் இருப்பதன் வழியாக உறிஞ்சி இழுக்க வேண்டியிருக்கும். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறையும்போது, நீர் கசியாத மெல்லிய இடைவெளி வழியாகக்கூடக் காற்று நுழையும். நுழைந்த காற்று வாளியின் உச்சியில் தேங்கி, மோட்டாரின் சுழலியான இம்பெல்லர் கடகடவென்று கத்தத் தொடங்கும். ஒரே மாடல் இரண்டாக இருந்தால் இந்தத் தொல்லை குறைவு. பெரியது ஒன்றும் சிறியது ஒன்றுமாக இருந்தால், சிறிய மோட்டார் உதவியாக இல்லாமல் பெரியதற்குத் தடையாகவே நிற்கும்.

குழாய் அளவும் எல்லாவற்றிலும் ஒத்துப்போவதில்லை. எஹைம் நிறுவனத்தின் கிளாசிக் 2217 ஃபில்டரை எடுத்துக்கொண்டால், உறிஞ்சும் குழாய் 16/22 மில்லிமீட்டர், வெளித்தள்ளும் குழாய் 12/16 மில்லிமீட்டர் (முதல் எண் உள்விட்டம், அடுத்தது வெளிவிட்டம்). இத்தகைய இரண்டைத் தொடுப்பதற்கு இடையில் குழாய் அளவை மாற்றும் இணைப்பி ஒன்று வேண்டும். ஒவ்வோர் இணைப்பும் இரண்டு கிளாம்ப், இரண்டு கசிவு வாய்ப்பு. இரண்டு ஃபில்டருக்கும் சேர்த்து ஒரே உறிஞ்சுகுழாயை வைத்து அதை ஒய் வடிவில் பிரிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். பார்ப்பதற்கு அழகாக இருக்கும், ஆனால் எதில் அழுக்கு குறைவோ அதற்கே தண்ணீர் அதிகம் போகும். உறிஞ்சுவாயை ஓர் இலை அடைத்தால் இரண்டும் ஒருசேர நிற்கும். அதைப் பற்றி மேலே எழுத ஒன்றுமில்லை.

மின்சாரம் போன இரவு

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னை மூழ்கியபோது, எங்கள் தெருவில் மின்சாரம் போய் நாற்பது மணி நேரத்துக்கு மேல் வரவில்லை. அந்த நேரத்தில் என் இரண்டு ஃபில்டர்களும் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தன. கையிருப்பில் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றே ஒன்று. முதல் மணி நேரத்திலேயே ஒரு கேனிஸ்டரைத் திறந்து, செராமிக் வளையங்கள் இருந்த தட்டுகளை எடுத்து, நைலான் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள்ளேயே, காற்றுக்குமிழி விடும் ஏர் ஸ்டோனுக்கு மேலாகத் தொங்கவிட்டேன். இரண்டாவதைத் திறப்பதற்குள் தரைத்தளத்து வீட்டாரின் பொருள்களை மேலே ஏற்றக் கூப்பிட்டுவிட்டார்கள்; அது அப்படியே மூடிக் கிடந்தது.

மூடிய கேனிஸ்டரில் ஆறு லிட்டர் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் 45 மில்லிகிராம்கூட இராது. மேலே போட்ட கணக்கில் பாக்டீரியாவின் தேவை மணிக்கு 140 மில்லிகிராம். இரண்டு ஃபில்டர்களும் பாதிப் பாதியாக வேலையைப் பகிர்ந்துகொண்டாலும் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே இருப்பது தீர்ந்துவிடும். அதன்பின் அங்கே நடப்பது அழுகல்தான். மின்சாரம் வந்தபிறகு அந்த இரண்டாவது கேனிஸ்டரை மொட்டைமாடியில் வைத்துத் திறந்தேன். அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அறைந்தது, ஹைட்ரஜன் சல்ஃபைடு. தண்ணீர் சாம்பல் நிறத்தில், மேலே மெல்லிய படலத்தோடு இருந்தது. அதைத் திறக்காமல் நேரே மோட்டாரைப் போட்டிருந்தால் அவ்வளவும் மீன்களின் மேல் போய் விழுந்திருக்கும். கொட்டிவிட்டு, மீடியாவைத் தொட்டி நீரிலேயே அலசி வைத்தேன். குழாய்த் தண்ணீரில் அலசினால் அதிலுள்ள குளோரின் மிச்சமிருந்த பாக்டீரியாவையும் முடித்திருக்கும். தொங்கவிட்டிருந்த மீடியாவில் நாற்றம் சிறிதும் இல்லை. அதைத் திரும்ப வைத்து ஓட்டிய ஒரு ஃபில்டரை நம்பியே அடுத்த பத்து நாளைத் தொட்டி கடந்தது.

இதில் தொடரிணைப்பு என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றைத் திறக்க வேண்டுமானால் இரண்டின் குழாய்களையும் மூடிக் கழற்ற வேண்டும். ஒன்றைக் கொட்டாமல் இன்னொன்றை ஓட்ட முடியாது. ஒன்றில் அழுகிய நீர் இன்னொன்றின் மீடியா வழியாகத்தான் வெளியே வர வேண்டும். புயலை விடுங்கள், கோடையில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து இரவெல்லாம் இருட்டில் கிடப்பது எங்கள் பக்கம் புதிதன்று. ஒன்று கெட்டால் மற்றதும் கெடும் ஏற்பாட்டை இந்த ஊரில் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மோட்டார் இல்லாத வாளி

இவ்வளவு சொன்னபிறகு, தொடரிணைப்பில் உள்ள உண்மையான நன்மையை மறைப்பது நேர்மையாகாது. முதல் வாளி அழுக்கை எல்லாம் பிடித்துக்கொண்டால், இரண்டாவது வாளியிலுள்ள செராமிக் வளையங்களை மாதக்கணக்கில் தொட வேண்டியதில்லை. அங்கிருக்கும் பாக்டீரியாவுக்குத் தொல்லையே இல்லை. இந்த நன்மையை அழுத்தச் சிக்கல் இல்லாமல் பெறும் வழி, முன்னால் வைக்கும் வாளிக்கு மோட்டாரே இல்லாமல் செய்வது. வெறும் வாளி, மூடி, உள்ளே ஸ்பாஞ்சு. தொட்டியிலிருந்து நீர் தன் எடையாலேயே அதற்குள் இறங்கும். அங்கிருந்து பின்னாலுள்ள கேனிஸ்டரின் மோட்டார் இழுத்துக்கொள்ளும். முன்வாளியில் தொட்டியின் நீர்மட்டத்துக்குரிய அழுத்தத்தைவிட ஒருபோதும் அதிகமாக வராது.

இப்படி மாட்டியபோது அளக்கும் பத்து லிட்டர் வாளி 67 விநாடியில் நிரம்பியது; மணிக்குச் சுமார் 540 லிட்டர். தனி ஃபில்டரைவிடச் சற்றுக் குறைவுதான். ஆனால் பத்து நாளுக்கொரு முறை முன்வாளியின் ஸ்பாஞ்சை மட்டும் பிழிந்து வைத்தால் அந்த ஓட்டம் அப்படியே நிற்கும். தனி ஃபில்டரின் 580 லிட்டரோ ஒரு மாதத்தில் 400-க்கு அருகில் வந்துவிடும். மண்ணைக் கிளறும் மீன்களும் கோல்டுஃபிஷ்களும் இருக்கும் தொட்டிக்கு இது மிகப் பொருத்தமான ஏற்பாடு. முன்வாளி ஒரேயடியாக அடைக்கும்வரை விட்டுவிட்டால் மட்டும் உறிஞ்சும் பக்கத்தில் காற்று சேரும் பழைய தொல்லை தலைகாட்டும்.

செலவில்லாமல் இதே பயனில் பாதியைப் பெற விரும்புபவர், உறிஞ்சுகுழாயின் வாயில் துளையிட்ட ஸ்பாஞ்சு உருளை ஒன்றைச் செருகிவிடலாம். தொட்டிக்குள் கருப்பாக ஒன்று நிற்பது கண்ணை உறுத்தும் என்பதைத் தவிர அதில் குறையில்லை. கொளத்தூரில் மீன் வளர்த்து விற்பவர்களின் தொட்டி வரிசைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அங்கே கேனிஸ்டர் அரிது, காற்றால் ஓடும் ஸ்பாஞ்சு ஃபில்டர்களே நாள் முழுதும் குமிழிவிட்டுக்கொண்டிருக்கும்.

பெரிதாக ஒன்று, அல்லது கீழே ஒரு சம்ப்

இரண்டுக்குப் பதிலாக மணிக்கு 2000 லிட்டர் என்று எழுதிய 55 வாட் ஃபில்டர் ஒன்றை வாங்கினால், குழாய் ஒரு ஜோடி, சுத்தம் செய்வது ஒருமுறை, ஸ்டாண்டுக்குள் இடமும் மிச்சம். மின்சாரத்தில் மட்டும் கணக்கு இடிக்கிறது: இரண்டு மாதத்துக்கு அது ஏறத்தாழ 79 யூனிட் எடுக்கும், 18 வாட் இரண்டு சேர்ந்து 52 யூனிட்தான். இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளில் கீழ்ப்படியிலுள்ள யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடுவதால், எல்லைக்கு அருகில் நிற்கும் வீட்டுக்கு அந்த 27 யூனிட் சிறிய விஷயமன்று. அதைவிட எனக்கு உறுத்துவது, இம்பெல்லர் சுழலும் செராமிக் அச்சு ஒன்று முறிந்தால் முழுத் தொட்டியும் நிற்கும் என்பது. ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை ஊற்றும் வீடுகளில் இம்பெல்லரைச் சுற்றிச் சுண்ணாம்பு படிவது சீக்கிரமே நடக்கும். அதை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைக்காமல் இழுத்துக் கழற்றப்போய் அச்சை முறிப்பவர்கள் பலர். நானும் முறித்திருக்கிறேன்.

சம்ப், அதாவது மீன் தொட்டிக்குக் கீழே மீடியா நிரப்பி வைக்கும் இன்னொரு தொட்டி, வைக்க வசதியுள்ளவர் வைத்துக்கொள்ளலாம். திறந்த தொட்டி என்பதால் மின்வெட்டில் அதன் மீடியா மூடிய வாளியைப்போல் மூச்சுத்திணறிப் போகாது. வாடகை வீட்டில், கண்ணாடியில் துளையிட்டு, நீர் விழும் ஓசையோடு இரவில் படுத்துறங்க ஒப்புக்கொள்ளும் குடும்பம் அமைய வேண்டும்.

அண்ணனின் தொட்டியில் செய்தது

வாங்கிவிட்ட இரண்டாவது ஃபில்டரைத் தனியாகவே மாட்டினோம். ஒன்றின் உறிஞ்சுவாய் இடது பின்மூலையில், மற்றதன் உறிஞ்சுவாய் வலது பின்மூலையில்; இரண்டின் வெளிக்குழாய்களும் எதிரெதிரே நீளவாக்கில் முகம் காட்டும்படி வைத்ததால், முன்பு கழிவு தேங்கிக் கிடந்த நடுப்பகுதி இப்போது மூலைகளை நோக்கித் தானே பெருக்கப்படுகிறது. வெளிக்குழாய்களில் ஒன்றை நீர்மட்டத்தை ஒட்டி மேல்நோக்கித் திருப்பி, மேற்பரப்பு எப்போதும் அலைந்துகொண்டிருக்கும்படி விட்டோம். ஏப்ரல், மே வெயிலில் ஆக்சிஜனுக்கு அதுவே பெரிய துணை. உறிஞ்சுகுழாய்கள் இரண்டையும் அடிவரை விடாமல் அரையடி மேலேயே நிறுத்தியிருக்கிறோம். எங்காவது கசிந்தாலும் மீன்கள் நீந்துவதற்கு அந்த அரையடி நீராவது மிஞ்சும்.

இரண்டு வாயிலும் ஸ்பாஞ்சு உருளை மாட்டச் சொன்னேன். ஆஸ்கர்கள் அவற்றைக் கடித்துப் பிடுங்குகின்றன என்று ஃபோன் வந்தது. பித்தளையைக் கடைய முடியாமல்போன குறையைத் தீர்த்துக்கொள்ள, பட்டறையில் பிவிசி குழாய் ஒன்றில் வரிசையாகத் துளையிட்டு, ஸ்பாஞ்சின் மேல் கவசமாகப் போட்டுவிட்டார். அது நன்றாகவே நிற்கிறது.

மொத்த ஓட்டம் மணிக்கு 1160 லிட்டர் அளவில்தான் வருகிறது. நான் தொடக்கத்தில் சொன்ன 1600-ஐ அது எட்டவில்லை. அந்தக் குறைக்கு மூன்றாவது ஃபில்டரை வாங்க வேண்டாம், தீவனத்தைக் கொஞ்சம் குறைத்து, வாரம் நூறு லிட்டர் தண்ணீரை மாற்றினால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். பழைய ஃபில்டரின் செராமிக் வளையங்களில் பாதியைப் புதியதற்கு மாற்றி, புதிய வளையங்களில் பாதியைப் பழையதில் வைத்ததால், அம்மோனியா ஏறவில்லை. இனி ஒன்றைச் சுத்தம் செய்த பின் மூன்று வாரமாவது இடைவெளிவிட்டுத்தான் மற்றதைத் திறக்க வேண்டும். மறந்துவிடக் கூடாது என்பதற்காக ஸ்டாண்டின் கதவுக்கு உட்புறம் சாக்பீஸால் தேதி எழுதி வைத்திருக்கிறார்.